எதிரே நின்றவள்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இந்த இரண்டு வரியும் சம்பிரதாயத்துக்கு. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன் செய்யாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். அப்பா இறந்த அன்று நாம் இருவரும் பேசிய மொத்தப் பேச்சு "காபி எடுத்துக்கோ", "குடிச்சிட்டேன்" அவ்வளவுதான். உன் குரலைக் கேட்டால் கோபம் முந்திக்கொள்கிறது. பேனாவைப் பிடித்தால் கொஞ்சம் நிதானம் வருகிறது.

எங்கள் மருத்துவமனையில் பெண் ஊழியர்களுக்குக் கால்பந்துப் போட்டி வைத்திருக்கிறார்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். ஆபரேஷனுக்குப் போகிற கத்தரி, இடுக்கிகளை எண்ணித் தட்டில் அடுக்கி, துணியில் சுற்றி, நீராவியில் வைத்து அனுப்புகிற பிரிவு என்னுடையது. பதினோரு பேர் தேறவில்லை. அதனால் ஏழு பேர் ஆட்டம். மார்ச் 22, சனிக்கிழமை, எங்களுக்கும் லேபுக்கும். லேப் அணியில் டிஃபென்ஸில் நிற்கப்போவது யார் தெரியுமா? நெட்டை. அதே நெட்டைதான். மூன்று மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்திருக்கிறாள். முடி நரைத்திருக்கிறது, உயரம் மட்டும் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அணித் தேர்வு ஆட்டத்தில் நம் 'கதவு' வித்தையை அவளிடம் மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அசையாமல் நின்று பந்தை எடுத்துக்கொண்டு போனாள். ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர்க் குழாயடியில் நீ அவளோடு தலையும் தலையுமாக நின்று ஏதோ பேசியதை நான் என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆமா, சொன்னேன்" என்றாய். அன்றோடு எனக்கு அணியும் போனது, அக்காவும் போனாள்.

இப்போது கேட்கிறேன். அவளிடம் என்ன சொன்னாய்? கதவில் ஓட்டை எந்த இடத்தில்? நான் ஆடுவதை நான் பார்த்ததில்லை. எதிரே நின்று பார்த்தவள் நீ ஒருத்திதான். அவளுக்குச் சொன்னதை எனக்கும் சொல்லிவிடு. அதற்குமேல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

வாலு


பிப்ரவரி 9

வாலுவுக்கு,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினாற்போலத்தான் இருக்கிறது. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டில் பிரிக்கத் தைரியம் வராமல் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். ஒரு டிரைவிங் தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவே காரின் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து படித்தேன். அடுத்து லைசென்ஸ் எடுக்க வந்த ஆள், தேர்வு அதிகாரி கண்ணைத் துடைப்பதைப் பார்த்து மிரண்டு வண்டியைப் பின்னால் எடுத்துக் கம்பத்தில் இடித்துவிட்டார். பெயில் போட்டேன். பாவம்தான், என்ன செய்வது.

நீ கேட்டதற்குப் பதில்: அவளிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஞாபகமில்லை.

கதவு ஞாபகமிருக்கிறது. அது பிறந்த நாளே ஞாபகமிருக்கிறது. பெயிண்ட் கம்பெனி குடியிருப்பில் நாம் இருந்தபோது, கிடங்குக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் முற்றம். காலி டப்பாக்களை வரிசையாக நிறுத்தி அவற்றுக்கு நடுவே பந்தை ஓட்டுவாய். நீலம் சிந்திய இடத்தில் வழுக்கும் என்று அங்கே மட்டும் தாவிப் போவாய். ஒருநாள் அம்மா வாங்கி வந்த சோப்பைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் ஒரு கால்பந்துக்காரரின் படங்கள் இருந்தன. எதிராளியை ஏமாற்றுவது எப்படி என்று ஆறு படம். அதில் நான்குதான் நம் கைக்கு வந்தது. மிச்சம் இரண்டு வேறு யார் வீட்டுச் சோப்போடு போயிற்றோ.

பந்து வலது காலடியில். இடது கால் பந்துக்கு மேலே சுழன்று போகும். இடது தோள் தாழும். எதிராளி அந்தப் பக்கம் சாய்வான். அத்தோடு தாள் கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு என்ன என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். இடப்பக்கம் ஒரு கதவைத் திறந்து காட்ட வேண்டும், எதிராளி அதில் நுழையும்போது வலது பாதத்தின் வெளிப்பக்கத்தால் பந்தைத் தட்டி நாம் மறுபக்கம் போய்விட வேண்டும் என்று நீதான் கண்டுபிடித்தாய். "அக்கா, நாம கதவைத் திறந்துட்டு சுவர் வழியா போறோம்" என்று கத்தினாய். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

இந்த வயதில் கதவெல்லாம் வேண்டாம். பந்தை வாங்கினாயா, பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடு. முட்டியைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

முட்டியைப் பற்றி உன்னிடம் யோசனை கேட்டேனா?

உனக்கா ஞாபகமில்லை? சோப்பைச் சுற்றி வந்த தாள் ஞாபகமிருக்கிறது, சிந்திய பெயிண்டின் நிறம் ஞாபகமிருக்கிறது, தங்கையைக் காட்டிக்கொடுத்தது மட்டும் மறந்துவிட்டதா? சரி, உன்னைக் கேட்டுப் பயனில்லை என்று நேரே நெட்டையிடமே போய்விட்டேன். கேண்டீனில் அவள் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என்னைத் தெரியுதா?"

உற்றுப் பார்த்தாள். "அந்தத் தேர்வு ஆட்டம்! குட்டையா, பட்டாசு மாதிரி ஓடுவீங்களே!"

"அன்னைக்குக் குழாயடியில எங்க அக்கா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

அவள் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அவங்க உங்க அக்காவா? தெய்வம்ங்க அவங்க! ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது, என் நிஜாரோட எலாஸ்டிக் அறுந்துபோச்சு. ஊக்கு இருக்கான்னு கேட்டேன். தன் துப்பட்டாவுல இருந்து கழட்டிக் கொடுத்தாங்க. இல்லேன்னா ஆட்டம் முழுக்க ஒரு கையால நிஜாரைப் பிடிச்சுக்கிட்டு ஆட வேண்டியதாகியிருக்கும்."

"வேற எதுவும் சொல்லலையா? என்னைப் பத்தி?"

"நீங்க அவங்க தங்கச்சின்னே எனக்கு இப்பதான் தெரியும்."

அக்கா, நான் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று மத்தியானம் தட்டு அடுக்கும்போது இடுக்கிகளை மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது. மேற்பார்வை அம்மா என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்.

ஒரு ஊக்குக்காகவா இருபத்தைந்து வருஷம்? என் கல்யாணத்தில் நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உனக்கு ஆபரேஷன் நடந்தபோது நான் வரவில்லை. எல்லாம் ஒரு ஊக்குக்காகவா? நீ எதுவுமே சொல்லவில்லை என்றால், நான் கேட்டபோது ஏன் "ஆமா, சொன்னேன்" என்றாய்?

இந்தத் தடவை ஞாபகமில்லை என்று எழுதாதே.

வாலு


பிப்ரவரி 20

வாலுவுக்கு,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உனக்குப் பதினேழு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. மூன்று மாதம் படுக்கை. எழுந்தபோது உன் முழங்கால் தொடையைவிடப் பருமனாகத் தெரிந்தது. யாரோடும் பேச மாட்டாய். சுவரைப் பார்த்தபடி கிடப்பாய். ஒருநாள் நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். கதவைப் போடு என்றேன். போட்டாய். படு மோசம். ஒரு குழந்தைகூட ஏமாறாது. நான் ஏமாந்ததுபோல இடப்பக்கம் தடுமாறிப் பொத்தென்று விழுந்தேன். நீ சிரித்தாய். நோய் வந்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாய்.

மறுநாளும் விழுந்தேன். அதற்கு மறுநாளும் விழுந்தேன். உனக்கு உடம்பு தேறியது, வேகம் வந்தது, பழைய வாய்த்துடுக்கும் வந்தது. இனி நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைப்பேன். "இன்னைக்கு எத்தனை தடவை விழுந்தே அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவாய். எப்படி நிறுத்துவது? இரண்டு வருஷம் விழுந்தேன்.

உண்மையில் நீ ஒருதடவைகூட என்னை ஏமாற்றியதில்லை. உன் கால் எந்தப் பக்கம் சுழன்றாலும் நீ நிஜமாகப் போகப்போகிற பக்கத்துக் கை முன்கூட்டியே முஷ்டியாக மூடிக்கொள்ளும். பந்தைப் பார்க்காமல் உன் வலது கையைப் பார்த்தால் போதும். நெட்டை அதைத்தான் பார்த்திருப்பாள். அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தேர்வு ஆட்டத்தன்று சாயங்காலம் நீ கட்டிலில் உட்கார்ந்து, "நீதானே சொல்லிக்கொடுத்தே? இல்லாட்டி என்னை எப்படி நிறுத்த முடியும்? சொல்லு!" என்று கேட்டாய். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உன் ஆட்டம் அவ்வளவுதான், இரண்டு வருஷம் நான் நடித்தேன் என்று சொல்ல வேண்டும். பழி என்மேல் இருந்தால் உனக்கு உன் ஆட்டமாவது மிஞ்சும் என்று நினைத்தேன். ஆமா என்று சொல்லிவிட்டேன்.

இங்கே ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் முகத்துக்கு நேரே "நீங்க பெயில்" என்று சொல்கிறேன். அழுகிறார்கள், திட்டுகிறார்கள், நான் அசைவதில்லை. உன்னிடம் மட்டும் அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. நான் கெடுத்தது உன் ஆட்டத்தை மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நீ காட்டிக்கொடுத்தாய் என்று நம்பியவரை நான் நல்ல ஆட்டக்காரி. துரோகத்தால் தோற்றவள். வீட்டுக்காரரிடம், கூட வேலை செய்பவர்களிடம், எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். தட்டு அடுக்கிக்கொண்டிருக்கும்போது சில நாள் நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன், நான் மட்டும் அன்றைக்குத் தேர்வாகியிருந்தால் என்று.

இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

முதல் நாள் விழுந்தாயே, அது சரி. அதற்காக உன் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். இரண்டாம் நாளே "வாலு, உன் கை மூடுது" என்று சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் இருந்ததே! என்னால் தாங்க முடியாது என்று நீயாக ஏன் முடிவு கட்டினாய்?

எழுதாதே.


மார்ச் 1

வாலுவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

உனக்குத் தாங்காது என்று நினைத்தது பாதி பொய். உன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத்தான் தாங்காது. அதைப் பாசம் என்று சொல்லி என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

எனக்கு எட்டாம் தேதியிலிருந்து இரண்டு நாள் விடுப்பு இருக்கிறது. ரயிலில் ஏழு மணி நேரம். நீ வா என்று எழுதினால் வருவேன். வந்து எதிரே நிற்பேன். எழுதாவிட்டால் வர மாட்டேன், வற்புறுத்தவும் மாட்டேன்.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

கோபம் தீரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கை மூடுகிறதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கருவி அறைக்கும் நீராவி அறைக்கும் நடுவே ஒரு நீள வராந்தா. சாப்பாட்டு நேரத்தில் அங்கே பந்தோடு போய், ஒரு நர்ஸைப் பிடித்து என் கையை மட்டும் பார்க்கச் சொன்னேன். "மூடுது சிஸ்டர், ஒவ்வொரு தடவையும் மூடுது" என்றாள். நாற்பத்து நான்கு வருஷமாக என் கூடவே இருக்கிற கை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார்.

அங்கியின் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு ஆடிப் பார்த்தேன். இரண்டு தடவை விழுந்தேன், ஆனால் கை அடங்குகிறது. வீட்டுக்காரரை எதிரே நிற்கச் சொன்னேன். அவர் நிற்பதும் பீரோ நிற்பதும் ஒன்று. தாண்டிப் போன பிறகு, "போயிட்டியா?" என்று கேட்கிறார்.

சரி, வா. ஞாயிறு காலை, மருத்துவமனைக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடம் காலியாக இருக்கும். ஷூ போட்டுக்கொண்டு வா, செருப்போடு வந்து நிற்காதே. ஒரே ஒரு நிபந்தனை. விட்டுக்கொடுக்கக் கூடாது. எனக்குக் கண்ணீர் வந்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வாலு


மார்ச் 10

அக்காவுக்கு,

நேற்று உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து ஒரே யோசனை. அதனால் உடனே எழுதுகிறேன்.

நீ கிழவியாகிவிட்டாய் என்று நினைத்திருந்தேன். முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பைத் தாழ்த்தி நீ நின்றதைப் பார்த்ததும் பந்தை எடுத்து இன்னொரு தடவை சரியாக வைத்தேன். அந்த முற்றத்தில்கூட நீ அப்படி நின்றதில்லை. முதல் தடவையே பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. "கை" என்று மட்டும் சொல்வாய். ஐந்தாவதுக்குப் பிறகு நான் கழிவறைக்குப் போய்வந்தேனே, அழத்தான் போனேன். நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி.

பிறகு கையைத் திறந்து வைத்தேன். ஏழாவதில் என் வேகம் போதவில்லை. ஒன்பதாவதில் நீ பந்தை நிறுத்தி, அது சைக்கிள் நிறுத்துமிடத்துக்குள் உருண்டு, நான் குனிந்து குனிந்து எடுத்தேன். பதினொன்று வரை எல்லாம் உனக்கே. பன்னிரண்டாவதில் நீ இடப்பக்கம் சாய்ந்தாய், நான் வலப்பக்கம் போனேன். நீ கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டாய். நான் வண்டிகளுக்கு நடுவே கத்திக்கொண்டே ஓடினேன். வாயில்காப்பாளர் என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடி வந்தார்.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நீயாகவே சிரித்துக்கொண்டிருந்தாய். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டேன். வண்டி கிளம்பிவிட்டது.

இப்போது கேட்கிறேன் அக்கா. பன்னிரண்டாவது நிஜமா?

இருபத்திரண்டாம் தேதி எதிரே நெட்டை நிற்பாள். அந்தப் பன்னிரண்டை நம்பித்தான் இறங்கப்போகிறேன். நீ நிஜம் என்று எழுதினால் நம்புவேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வருஷம் உன் முகத்தைப் பார்த்து நம்பியவள் நான். நேற்றும் அதே முகம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வாலு


மார்ச் 14

வாலுவுக்கு,

பன்னிரண்டாவது பொய்.

உன் நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். என் கால் தானாகவே இடப்பக்கம் போய்விட்டது. நிபந்தனையை மீறிவிட்டேன். உட்கார்ந்தபடி என்னையே திட்டிக்கொண்டேன். ரயிலடியிலேயே சொல்லியிருக்க வேண்டும், நீ சந்தோஷமாக இருந்தாய், பழையபடியே வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் உன்னை இரண்டாம் தடவை பெயில் போடுகிறேன் என்று தெரியும். கிழித்துப் போட்டாலும் சரி, முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

ஒன்பதாவதை நீ சரியாகப் பார்க்கவில்லை. உன் கண் பந்தின்மேல் இருந்தது. நான் பந்தை நிறுத்தவில்லை வாலு. உன் கை திறந்திருந்தது, தோள் தாழ்ந்தது, நான் இடப்பக்கம் நிச்சயம் என்று முழு உடம்போடு பாய்ந்துவிட்டேன். அங்கே நீ இல்லை. எங்கே போனாய் என்றே எனக்குத் தெரியவில்லை. நீ தட்டிய பந்து பின்னால் விட்டுப்போன என் குதிகாலில் பட்டுத் தெறித்து சைக்கிள்களுக்குள் போயிற்று. அது என் அதிர்ஷ்டம், என் ஆட்டமில்லை. நீ அதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டு பந்தைத் தேடப் போனாய். நான் காலியிடத்தைப் பார்த்தபடி நின்றேன். ஐம்பது வயதை எட்டப்போகிறவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

என்னைக் கடைசியில் நீ ஏமாற்றிவிட்டாய். ரயிலில் அதை நினைத்துத்தான் சிரித்தேன், வீடு வரும்வரை சிரித்தேன்.

பந்தை ஒரு சாண் கூடுதலாக வெளியே தட்டு, குதிகாலில் படாது. அடுத்த சனிக்கிழமை ஒன்பதாவதை ஆடு.

அக்கா